கெவனமில்லீங்க

"நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சிக்கிட்டே வாங்க தம்பி" என்றார் டாக்டர் மதன்குமார்.

"தொண்ணூத்தி மூணுங்க, எம்பத்தாறுங்க, எழுவத்தொம்பதுங்க, எழுவத்திரெண்டுங்க..."

மிதுன் ஒவ்வொரு எண்ணுக்கும் மரியாதை கொடுத்துக் கழித்துக்கொண்டே போனான். இரண்டில் வந்து நின்றான். "இதுக்குக் கீழ போனா மைனஸ் அஞ்சுங்க சார். போகட்டுங்களா?"

"வேண்டாம் தம்பி, போதும்."

பக்கத்து நாற்காலியில் அவன் அம்மா மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் இருபத்தாறு வயசு மகன் இப்படிக் கணக்குச் சொல்வதைப் பார்த்துப் பூரித்துப்போயிருப்பாள். இவளோ, எங்கேயாவது ஒரு இடத்தில் தப்பாகச் சொல்லித் தொலைக்க மாட்டானா என்று மனசுக்குள் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்து ஒரு தாளைக் கொடுத்தார் டாக்டர். தாள் முழுக்க எழுத்துகள். "இதுல 'க' எங்கெங்க இருக்கோ அதையெல்லாம் அடிச்சிக் கொடுங்க."

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "முப்பத்தி நாலு இருக்குதுங்க சார். ஏழாவது வரியில ஒரு 'த'வுக்குக் கால் உடைஞ்சு 'க' மாதிரி அச்சாயிருக்குது. அதைச் சேர்த்தா முப்பத்தஞ்சுங்க."

டாக்டர் தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். இந்த ஆஸ்பத்திரிக்கு அவர் மாற்றலாகி வந்து நாலு மாசம். அந்தத் தாளைத் தினமும் பத்துப் பேருக்குக் கொடுக்கிறார். கால் உடைந்த எழுத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"சரி, கடைசியா ஒண்ணு. மூணு வார்த்தை சொல்றேன், மனசுல வெச்சிக்கங்க. கொஞ்சம் கழிச்சுக் கேப்பேன். கொய்யா, ஏணி, கம்பளி. சொல்லுங்க?"

"கொய்யா, ஏணி, கம்பளிங்க சார்."

மயிலாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதுதான். இந்த மனுசர் கொஞ்சம் கழித்துக் கேட்டால் போதும். மூன்று வார்த்தை என்ன, வார்த்தை சொன்னார் என்பதே இவனுக்கு இருக்காது.

அப்போது பார்த்து டாக்டரின் செல்போன் அடித்தது. மேலிடத்து அழைப்பு போலிருக்கிறது. எழுந்து நின்று பேசினார். "யெஸ் சார், பண்ணிடறேன் சார், நாளைக்கே சார்" என்று ஐந்தாறு நிமிஷம் போனது. வைத்துவிட்டு உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஃபைலை மூடிவிட்டார்.

டாக்டர் மறந்துவிட்டார்.

அதைச் சொல்ல வேண்டியதுதானே மயிலாத்தாள்? எப்படிச் சொல்வது? அவ்வளவு பெரிய படிப்புப் படித்த மனுசரைப் பார்த்து, அதுவும் ஞாபகத்தைச் சோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து, 'நீங்க மறந்துட்டீங்க' என்று வாயைத் திறப்பது எப்படி? அப்படி வளரவில்லை அவள். முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள்.

"உங்க பையனுக்குக் கவனக்குறைவுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்படி ஒண்ணும் தெரியலம்மா. என்னைவிட நல்லா இருக்கு கவனம்."

"அதுதானுங்க சார் அவனுக்கில்லை. கெவனமே இல்லீங்க."

"இருக்கும்மா. இப்பத்தானே பார்த்தேன்."

"இல்லீங்க சார், கொஞ்சங்கூட இல்லீங்க."

"இருக்குன்னு நான் சொல்றேனேம்மா."

"நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றாள் மயிலாத்தாள், வேறு வழி தெரியாமல். ஃபைல் எடுக்க வந்த காக்கிச் சட்டை ஊழியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

காரமடைப் பக்கத்தில் கெவனம் என்றால் ஞாபகம். 'போன வாரம் வந்தமே, கெவனமில்லையா?' என்றுதான் கேட்பார்கள். டாக்டரோ தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் ஊரில் கவனம் என்றால் கவனம்தான், கண்ணையும் காதையும் ஒரு இடத்தில் நிறுத்துவது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் தட்டிய பெண் மயிலாத்தாள் சொன்னதை நல்ல தமிழாக்கிப் போட்டிருந்தாள்: கவனக்குறைவு. அதனால் இல்லாத ஒரு குறையைப் பரிசோதித்து, அது இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"ஸ்கேன் ஒண்ணு எடுத்ததுங்க சார், பன்னண்டு வருசத்துக்கு முன்னால" என்று ஒரு தாளை நீட்டினாள்.

"பார்த்தேன். லேசான சுருக்கம்னு போட்டிருக்கு. லேசானதுக்கெல்லாம் சர்டிபிகேட் கிடையாதும்மா."

"ரொம்ப நன்றிங்க சார்" என்று மிதுன் எழுந்து கும்பிட்டான். பாஸாகிவிட்டோம் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

*

மிதுன் பிறந்தபோது கொடி சுற்றியிருந்தது. பிள்ளை நீலம் பாரித்து வெளியே வந்தது, அழவில்லை. எத்தனை நிமிஷம் என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. நர்ஸம்மா காலைப் பிடித்துத் தூக்கித் தட்டித் தட்டி, ஒருவழியாகப் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிழைத்தான். நடந்தான், பேசினான், எல்லாப் பிள்ளைகளையும்விட முன்னாலேயே படிக்கவும் ஆரம்பித்தான்.

ஏழு வயசில் பள்ளிக்கூடத்தில் ஊட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பொழுதோடு வந்து இறங்கியவனிடம், "என்னென்ன கண்ணு பார்த்தே?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல ரெண்டாயிரத்தி இருநூத்தி நாப்பது மீட்டருங்கம்மா."

"அது சரி, ரயில்ல போனீங்களா?"

"மேட்டுப்பாளையத்துல ரயிலு காலைல ஏழு பத்துக்குக் கெளம்புமுங்கம்மா."

"போனியா இல்லியாடா?"

பிள்ளை அவள் முகத்தையே பார்த்தது. விடை அவள் முகத்தில் எழுதியிருக்கிறதா என்று தேடுகிற பார்வை அது.

பதினாலு வயசில் ஸ்கேன் எடுத்த டாக்டர்தான் விளக்கிச் சொன்னார். "மூளையில நடந்ததைப் பிடிச்சு வைக்கற எடம் ஒண்ணு இருக்குதுங்கம்மா. பொறந்தப்பக் காத்துப் பத்தாம அது மட்டும் சூம்பிப் போச்சு. பாடம், பேரு, வெவரமெல்லாம் வேற வழியாப் போய்த் தங்கிக்குது. வண்டி ஓட்டறது, கை வேலை, அதெல்லாம் இன்னொரு எடம். தெரிஞ்சது நிக்கும், கை பழகினது நிக்கும், நடந்தது நிக்காது."

சொன்னபடிதான் இருந்தது. மிதுன் பைக் ஓட்டுவான். எங்கே நிறுத்தினான் என்று ஊரே சேர்ந்து தேட வேண்டும். மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டினால் சுற்றுக்குச் சுற்று முடிச்சு மாறாது. ஆனால் வேலைக்குப் போன முதல் கம்பெனியில் மேஸ்திரி காலையில், "இன்னைக்கு மெல்லிசுக் கம்பிடா" என்றார். பத்து மணி டீ குடித்துவிட்டு வந்தவன் நாற்பது மோட்டாருக்கு எப்போதும்போலத் தடிசுக் கம்பியைச் சுற்றி அடுக்கி வைத்துவிட்டான். அந்த வேலை போனது. அடுத்தடுத்து இன்னும் மூன்று போயின. இன்டர்வியூவில் மட்டும் ஒவ்வொரு தடவையும் அவன்தான் முதல்.

இப்போது பெரியநாயக்கன்பாளையத்துப் பம்பு கம்பெனியில் ஒரு மேனேஜர் நல்ல மனசோடு சொல்லியிருந்தார்: "பையன் கை வேலை அபாரமுங்க. மாற்றுத் திறனாளின்னு சர்டிபிகேட் கொண்டாந்தீங்கன்னா, எதையும் வாயில சொல்லப்படாது, எழுதி மேசையில ஒட்டோணும்னு ஆர்டரே போட்டுருவேன். சர்டிபிகேட் இல்லாம நான் சொன்னா சூப்பர்வைசருக கேக்க மாட்டாங்க. வெசாழக்கெழமைக்குள்ள வேணும். அப்பறம் அந்த எடம் இருக்காது."

ஐந்தாவது வேலை. இதுவும் போனால் பையன் வீட்டோடுதான். அப்புறம் அவளுக்குப் பிறகு?

"எதுக்கு உனக்கு சர்டிபிகேட்டு? டாக்டரே ஒண்ணுமில்லைன்னு சொல்லீட்டாரல்ல?" என்றார் அவள் வீட்டுக்காரர் ஆறுச்சாமி. அன்றைக்குத் திங்கட்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவள் இன்னும் சேலைகூட மாற்றவில்லை. "அந்த மனுசன் வாயில சக்கரை போடோணும். நீயென்னமோ எழவு விழுந்தாப்புல உக்காந்திருக்கறே."

"ஏனுங்க, நேத்து வாழைக்குத் தண்ணி தொறந்து உட்டுப்போட்டு வந்தது ஆருங்க? ராத்திரி முச்சூடும் ஓடி ரோட்டுக்கே வந்துருச்சு."

"மறதி ஆருக்குத்தான் இல்லை? எனக்குமில்லையா?"

"உங்களுக்கு என்ற பொறந்த நாள் மட்டும்தானுங்க மறக்குது. அவனுக்கு எல்லாத்தோட பொறந்த நாளும் தெரியும், அவன்ற பொறந்த நாளுக்குப் போன மாசம் என்ன பண்ணினமுன்னுதான் தெரியாது."

"சரி சரி. நாளைக்கு ஒரு பொண்ணு கேக்கப் போனா, சர்டிபிகேட்டைப் பார்த்துட்டு எவன் குடுப்பான்?"

"பொண்ணு பார்த்துட்டு வந்த அன்னைக்குப் பொழுதோட, 'எந்தப் பொண்ணுங்கம்மா?'ன்னு கேப்பானே, அதுக்கென்னங்க சொல்லட்டும்?"

ஆறுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். பதில் இல்லாதபோதெல்லாம் அவருக்குத் தோட்டத்தில் வேலை இருக்கும்.

உட்கார்ந்து யோசிக்க யோசிக்க மயிலாத்தாளுக்கு ஒன்று புரிந்தது. டாக்டரைக் குறை சொல்லி என்ன ஆகிறது? இவ்வளவையும் செய்து வைத்தவள் அவள்தான். ஊரில் பையனை யாரும் ஒரு மாதிரி பார்த்துவிடக் கூடாதென்று சின்ன வயசிலிருந்தே பழக்கியிருந்தாள். "எவரு வந்து நல்லாருக்கறியா தம்பின்னு கேட்டாலும், ஆருங்கன்னு கேக்கப்படாது கண்ணு. நல்லாருக்கனுங்க, ஊட்ல எல்லாம் சௌக்கியமுங்களான்னு கேட்டுரு. சாப்டாச்சான்னா, ஆச்சுங்க. போன வாரம் பார்த்தமேன்னா, ஆமாங்க." அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு மிதுன் கல்யாணம் கருமாதி எல்லாவற்றுக்கும் போய் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வந்தான். நேற்று நடந்தது எதுவும் தெரியாமலே கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரு மனுசன் மரியாதையாகக் காலம் தள்ளிவிடலாம் போலிருக்கிறது.

அது போதாதென்று சமையலையும் கிழமைக்குக் கட்டி வைத்திருந்தாள். திங்கள் இட்லி, செவ்வாய் உப்புமா, புதன் தோசை. கிழமை தெரிந்தால் சாப்பிட்டது தெரியும். இருபது வருசமாக மகனுக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகச் செய்ததையெல்லாம் இனி இரண்டே நாளில் கலைக்க வேண்டும். மருத்துவக் குழு மறுபடி கூடுவது புதன்கிழமைதான்.

*

புதன்கிழமை தோசைக்கல்லை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அரிசி மாவை வேகவைத்து இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்து, தேங்காய்ப் பால் ஊற்றிக் கொடுத்தாள். மிதுன் மூன்று தட்டுச் சாப்பிட்டான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "கண்ணு, இன்னைக்கு டாக்டர் எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிப்போடோணும்."

"தெரிஞ்சதைக் கேட்டாலுமுங்களா?"

"ஆமா."

"அது பொய்யாச்சுங்களேம்மா?"

"பொய்யில்ல சாமி. உனக்கு நடந்தது கெவனத்துல நிக்கறதில்ல. அதைக் காட்டறதுக்கோசரம்."

"அதுக்கு நடந்ததைத்தானுங்களே தெரியாதுங்கோணும்? நூறுல ஏழு போனா தொண்ணூத்தி மூணுன்னு தெரியுமுங்களே?"

நியாயமான கேள்விதான். அவனைச் சமாதானப்படுத்தி, சரிங்கம்மா என்று சொல்ல வைப்பதற்குள் பெரியநாயக்கன்பாளையம் வந்துவிட்டது. துடியலூரில் சோதித்துப் பார்த்தாள். "டாக்டர் கேட்டா என்ன சொல்லுவே?"

"எந்த டாக்டருங்கம்மா?"

மறுபடி முதலிலிருந்து சொன்னாள். "அது பொய்யாச்சுங்களேம்மா?" என்றான் அவன், முதல் தடவை தோன்றியது போலவே. கவுண்டம்பாளையத்தில் மூன்றாவது தடவை. ஒரே விவாதத்தில் மூன்று தடவையும் அவள்தான் தோற்றாள். மறதி இருப்பதாகக் காட்டச் சொன்னதையே மறந்துவிடுகிறவனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து ஒரு துண்டுத் தாளை எடுத்தாள். அவள் எழுதினால் அவள் எழுத்து என்று தெரிந்துவிடும். "நீயே எழுது கண்ணு. பேனா?" பேனா இல்லை. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் சொல்லச் சொல்ல மிதுன் அழகாக எழுதினான்: 'டாக்டர் எது கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும்.' தாளைச் சட்டைப் பையில் வைத்தான்.

"ரொம்பத் தேங்க்ஸுங்கண்ணா" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

"இருக்கட்டும் தம்பி. நல்ல கையெழுத்து" என்றார் அவர். அவர் சட்டைப் பைக்கு மேலே சென்னகேசவன் என்று பெயர் குத்தியிருந்தது.

*

"மறுபடியும் வந்துட்டீங்களா?" என்றார் டாக்டர் மதன்குமார். "செல்போனை அணைச்சு வைங்க. என்ன தம்பி, என்னைத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுங்க சார். சௌக்கியமுங்களா?"

மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"தோசைங்க சார்."

"சார், இல்லீங்க சார்!" என்று முந்திக்கொண்டாள் அவள். "இன்னைக்குச் சந்தகைங்க. இவன் புதங்கெழமைன்னு நெனச்சுத் தோசைங்கறான். இதுதானுங்க சார் இவனுக்கு."

"இன்னைக்குப் புதன்கிழமைதானேம்மா?"

"ஆமாங்க, ஆனாச் சந்தகைங்க."

"புதன்கிழமை தோசைதான் போடுவீங்களா?"

"எப்பவும் தோசைதானுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் பக்கமாக நாற்காலியைத் திருப்பினார். குரல் மெதுவானது. "பதட்டப்படாதீங்கம்மா. சும்மாக் கேக்கறேன். இன்னைக்குத் தேதி என்ன?"

அவளுக்குத் தேதி கையெழுத்துப் போடும்போதுதான் வேண்டியிருக்கும். அதையும் மகனிடம்தான் கேட்டுக்கொள்வாள். "பத்தொம்பதுங்களா... இருவதுங்களா..."

"பதினேழுங்கம்மா" என்று சுவர்க் காலண்டரைப் பார்த்து அன்பாக எடுத்துக் கொடுத்தான் மிதுன்.

"எழுவதுலேர்ந்து மூணு மூணா கழிங்க பார்ப்போம்."

"அறுவத்தி... ஏழுங்க. அறுவத்திநாலு. அறுவது... என்ற கிட்ட எதுக்குங்க சார் கேக்கறீங்க?"

"மறதி ரொம்ப நாளா இருக்காம்மா உங்களுக்கு? இதுக்கு யார்கிட்டயாவது காட்டியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் மிதுனைப் பார்த்தார். "அம்மாவை நீங்கதான் பார்த்துக்கறீங்களா தம்பி?"

"ஆமாங்க சார். முடிஞ்ச மட்டும் பார்த்துக்கறனுங்க."

"நல்லது. ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்க, ஃபைலுக்கு ஒண்ணு வேணும். ஏதாவது உங்களுக்குத் தோணறது." பேனாவை நீட்டினார். தாளைத் தேடி இழுப்பறையைத் திறப்பதற்குள், எந்த உதவிக்கும் முந்திக்கொள்கிற மிதுன், "என்ற கிட்ட இருக்குதுங்க சார்" என்று சட்டைப் பையிலிருந்து துண்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்துவிட்டான்.

டாக்டர் படித்தார். ஒருமுறை மனசுக்குள், பிறகு வாய்விட்டு. "டாக்டர் எது கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும்."

தாளை மிதுன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"யார் எழுதினது இது?"

மிதுன் குனிந்து ஆர்வமாகப் பார்த்தான். "என்ற கையெழுத்து மாதிரியே இருக்குதுங்க சார்."

"யார் எழுதச் சொன்னாங்க?"

"தெரியலீங்க."

"இப்ப மட்டும் தெரியலையா?" டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "எத்தனையோ பேர் நெஜமாவே முடியாம வெளிய உக்காந்திருக்காங்க. பொய் சர்டிபிகேட் வாங்கறது என்ன குத்தம்னு தெரியுமா? போலீஸ் வரைக்கும் போகும்!"

"தப்புதானுங்க சார்" என்றான் மிதுன், மனசார. "இது ஆரோ அயோக்கியத்தனம் பண்ணியிருக்கறாங்க. எங்கூட்ல இப்படிச் சொல்ற ஆளில்லீங்க. பொய் சொன்னா நாக்குல சூடு வெப்பேன்னு எங்கம்மா சொல்லுவாங்க."

டாக்டர் மயிலாத்தாளைப் பார்த்தார். மகனும் பார்த்தான். அவன் பார்வையில் ஒரு துளி சந்தேகம் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. பேசாமல் இருந்தால் பையன் முன்னால் அவள் நல்ல தாயாகவே இருந்துவிடலாம். சர்டிபிகேட் போய்விடும். வாயைத் திறந்தால் போலீஸ் என்கிறார். ஆனால் வாயைத் திறக்காமல் இருந்ததால்தானே அந்தத் திங்கட்கிழமை வீணாய்ப் போனது?

"நாந்தானுங்க சார் எழுதச் சொன்னது."

"அம்மா பொய் சொல்றாங்க சார்" என்றான் மிதுன் சட்டென்று. "என்னைக் காப்பாத்தறக்குப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கறாங்க."

"சும்மா இரு கண்ணு! நாந்தானுங்க சார் சொன்னேன். காரமடையில இருந்து மூணு தடவை சொல்லிக்குடுத்தனுங்க. மூணு தடவையும் மறந்துபோட்டான். அப்பறம்தான் எழுத வெச்சேன். எழுதி அரை மணி நேரங்கூட ஆகலீங்க. அதையும் மறந்துபோட்டான். நான் பண்ணினது பொய்தானுங்க. அவன் மறந்தது நெசமுங்க சார்."

டாக்டர் துண்டுத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். இந்த அம்மாள் சொல்வது பொய்யென்றால், மோசடி என்று ஒன்று நடக்கவே இல்லை. உண்மையென்றால், பையனுக்கு நோய் இருக்கிறது, மோசடிக்குத் தேவையே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் போலீஸைக் கூப்பிட வழியில்லாமல் இருந்தது.

"அரை மணிக்கு முன்னால எழுதினதுக்கு யார் சாட்சி?"

ஃபைல் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த காக்கிச் சட்டை ஊழியர் வாசலிலேயே நின்றார். "நானுங்க சார்" என்றார் சென்னகேசவன். "எதுத்தாப்புல டீக்கடையில எழுதினாங்க. பேனாகூட நாந்தான் குடுத்தேன்."

"தம்பி, இவர் யாருன்னு தெரியுதா?"

மிதுன் எழுந்து நின்று கும்பிட்டான். "தெரியாதுங்களா சார்! ஏனுங்கண்ணா, சௌக்கியமுங்களா? ஊட்ல எல்லாம் நல்லாருக்கறாங்களா?"

"இவர்கிட்டப் பேசினது அரை மணி முந்திதானே" என்று டாக்டர் மெல்ல இழுத்தார். "எங்க பார்த்தீங்க இவரை?"

"அது... கல்யாணத்துலதானுங்க பார்த்திருப்பேன். இவியளை எங்க பார்த்தாலும் கல்யாணத்துலதானுங்க பார்ப்பேன்."

சென்னகேசவன் ஃபைலை மேசையில் வைத்தார். "திங்கக்கெழமையே சொல்லோணும்னு நெனச்சனுங்க சார். பெரியவிய பேச்சுல நடுவால வரப்படாதுன்னு உட்டுட்டேன். எங்கூர்ல கெவனமில்லைன்னா ஞாபகமில்லைன்னு அர்த்தமுங்க. கவனமில்லைன்னு இல்லீங்க."

"அதைத் திங்கக்கிழமையே சொல்ல வேண்டியதுதானேய்யா!"

"மரியாதைங்களே சார்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாலு வார்த்தை சொன்னார்: கிணறு, மூக்குத்தி, புளியங்கொட்டை, சைக்கிள். மிதுன் பிசகாமல் திருப்பிச் சொன்னான். "சென்னகேசவன், தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு டீ வாங்கிக் குடுங்க. அரை மணி கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. அம்மா இங்கயே இருக்கட்டும்." தம் செல்போனில் ஏதோ அழுத்தி மேசைமேல் வைத்தார். "நான் மறக்காம இருக்கறதுக்கு" என்றார், அவள் பக்கம் பார்க்காமல்.

அரை மணியில் செல்போன் அடித்தது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான் மிதுன்.

"வணக்கமுங்க சார். மிதுனுங்க, காரமடையிலிருந்து வாரேன்."

"உக்காருங்க. என்னை முன்னாடிப் பார்த்திருக்கீங்களா?"

"பார்த்தாப்புலதானுங்க இருக்குது."

"நாலு வார்த்தை சொன்னேனே?"

"சொன்னீங்களா சார்?" என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தான். மயிலாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"சரி, எதுக்காக இங்க வந்திருக்கீங்கன்னு சொல்ல முடியுமா?"

மிதுன் சுற்றிலும் பார்த்தான். சுவரில் இருந்த பலகையைப் படித்தான்: மாற்றுத் திறனாளிகளுக்கான மருத்துவச் சான்று. பிறகு கண் சிவந்து உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. எழுந்து போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

"எங்கம்மாவுக்கு என்னங்க சார் பண்ணுது? பயப்படற மாதிரியுங்களா?"

டாக்டர் மதன்குமார் பேனாவைத் திறந்தார். ஃபைலை எடுத்து, 'கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு மேலே எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, "நீங்க சொல்ற கெவனத்துக்கு முதல்ல 'கெ'தானேம்மா?" என்று கேட்டார்.

மத்தியானத்துக்கு மேல் இன்னொரு அறையில் இரண்டு மணி நேரம் ஞாபகப் பரீட்சை வைத்தார்கள். நாலரை மணிக்குக் குழுவில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

*

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மயிலாத்தாள் சான்றிதழை மடிப்புக் குலையாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க போயிட்டு வாரோமுங்கம்மா?" என்றான் மிதுன்.

மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பொய் சொல்லச் சொன்னதையும், அவன் மறந்ததையும், அவளுக்காக அவன் டாக்டரிடம் சண்டைக்குப் போனதையும் சொன்னாள். மிதுன் கேட்டுக் கேட்டுச் சிரித்தான். "நெசமாலுமே நீங்களா பொய் சொல்லச் சொன்னீங்க? நாக்குல சூடு ஆருங்கம்மா வெக்கறது?" சிரித்து முடித்து, "அப்ப வேலை கெடைச்சிருச்சுங்களா?" என்று கேட்டான். நாளைக்கே போகலாம் என்றாள். இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு அப்படியொரு சந்தோஷப்பட்டான். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

துடியலூரில், "எங்க போயிட்டு வாரோமுங்கம்மா?" என்றான்.

மறுபடி சொன்னாள். இந்தத் தடவை துண்டுத் தாளை விட்டுவிட்டாள். அது என்னத்துக்கு இப்போது? தேதி தப்பாகச் சொன்னதும் தேவைப்படவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்கிற இடம் வந்ததும் அதே இரண்டு கை, அதே சிரிப்பு.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு கம்பெனியின் கேட்டைக் காட்டி மூன்றாம் தடவை சொன்னபோது, அவள் கதையில் டாக்டர் எழுந்து நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். மனுசர் கேட்டிருக்க வேண்டியதுதானே. நடந்ததைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மாற்றிச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? மிதுன் ஜன்னல் வழியாகக் கேட்டையே பார்த்து, "இங்கயுங்களா? நாளைக்கேங்களா?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இருபத்தாறு வருசத்தில் அவளுக்கு ஒரே நாளில் மூன்று தடவை நல்ல சேதி வந்ததில்லை.

காரமடைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. மிதுன் தானாகக் கேட்கிற மாதிரி தெரியவில்லை. வெளியே எதையோ பார்த்துக்கொண்டு வந்தான். மயிலாத்தாள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவளே அவன் தோளைத் தொட்டாள்.

"கண்ணு, இன்னைக்கு நாம எங்க போயிட்டு வாரோம் தெரியுமா?"